பணிப்பட்டையில் யாருக்கு இடம்?

மாதக் கடைசி. ஒரு சிறு நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கும் கிராணி ஒருவரின் மேசையைக் கற்பனை செய்து பாருங்கள். இந்த மாதச் சம்பளப் பட்டியல், சென்ற மாதச் சம்பளப் பட்டியல், ஊழியர் சேமநிதிக் கணக்கு, விடுமுறைப் பதிவு என நான்கு எக்செல் கோப்புகள் கணினியில் திறந்திருக்கின்றன. ஆனால், திரையின் அடியில் பார்த்தால் பச்சை நிறத்தில் ஒரே ஓர் எக்செல் சின்னம்தான் தெரிகிறது. நான்கு கோப்புகளும் அந்த ஒன்றுக்குள் ஒளிந்திருக்கின்றன. அதன்மேல் மவுஸைக் கொண்டுபோனால் நான்கும் குட்டிப் படங்களாக எழும்புகின்றன. எல்லாமே கட்டம் போட்ட வெள்ளைத் தாள்கள். எது எது என்று பளிச்சென்று புரிவதில்லை. முதலாளி அவசரப்படுத்துகிறார். அவர் ஒன்றைச் சொடுக்குகிறார், மிகைநேரத் தொகைகளை ஏற்றுகிறார், சேமிக்கிறார், மூடுகிறார். அது சென்ற மாதப் பட்டியல் என்பது சம்பளம் போன பிறகுதான் தெரியவருகிறது.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால், அந்த நான்கு கோப்புகளையும் ஒரே சின்னத்துக்குள் போட்டு மூடியது அவரல்ல. அது கணினி வந்தபோதே அப்படித்தான் வந்தது. மாற்ற முடியும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவும் இல்லை. கணினி வகுப்புகளில் எழுதவும் கணக்குப் போடவும் அச்சிடவும் கற்றுக்கொடுக்கிறார்கள். திரையின் அடியில் ஓடும் அந்த ஒரு கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. டாஸ்க்பார் என்று எல்லாரும் அழைக்கும் அந்தப் பணிப்பட்டையில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்பதை மூன்று பேர் முடிவு செய்கிறார்கள். விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாப்ட் ஒருவர். மென்பொருளை எழுதும் நிரலாளர் ஒருவர். மூன்றாமவர் பயனர். இந்த மூன்றாமவருக்கு உள்ள உரிமை அவர் நினைப்பதைவிட அதிகம். ஆனால், அவர் விரும்பும் அளவுக்கு இல்லை.

காணாமல் போன சாளரங்கள்

1992-இல் வந்த விண்டோஸ் 3.1-ஐப் பயன்படுத்தியவர்களுக்கு நினைவிருக்கலாம். அப்போது பணிப்பட்டை என்று ஒன்று கிடையாது. ஒரு சாளரத்தைச் சுருக்கினால் அது ஒரு சிறு சின்னமாகித் திரையின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் வேறொரு சாளரம் விரிந்துவிட்டால் போச்சு, சின்னமும் மறைந்துவிடும். கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் திறந்திருப்பவற்றின் பட்டியல் வரும். இது தெரிந்தவர்கள் மிகக் குறைவு. தெரியாதவர்கள் அதே நிரலை இன்னொரு முறை திறப்பார்கள். பிறகு இன்னொரு முறை. கடைசியில் நினைவகம் நிரம்பிக் கணினி திணறும்.

அடுத்த பதிப்பை வடிவமைத்தவர்கள் புதிய பயனர்களை உட்கார வைத்துச் சோதித்தபோது இந்தச் சிக்கல் அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாதது இல்லாமலே போய்விட்டது என்றுதான் மனிதர்கள் எண்ணுகிறார்கள். ஆகவே, 1995 ஆகஸ்டு 24-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 95-இல் திரையின் அடியில் ஒரு பட்டை நிரந்தரமாக வந்தது. திறந்திருக்கும் ஒவ்வொரு சாளரத்துக்கும் ஒரு பொத்தான். பொத்தானில் அதன் பெயர். சாளரம் விரிந்திருந்தாலும் சுருங்கியிருந்தாலும் பொத்தான் இருக்கும். எதையும் மனத்தில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை, கீழே பார்த்தால் போதும். கணினி உலகில் சத்தமில்லாமல் நடந்த நல்ல காரியங்களுள் இதுவும் ஒன்று.

இந்தப் பட்டைக்காகச் சாளரங்களின் தலைப்பையே திருப்பிப் போட்டார்கள் என்பது பலர் கவனிக்காத செய்தி. முன்பெல்லாம் நிரலின் பெயர் முதலிலும் கோப்பின் பெயர் அடுத்தும் வரும். பொத்தானோ சிறியது. பெயர் பாதியில் வெட்டுப்படும்போது எல்லாப் பொத்தான்களிலும் நிரலின் பெயர் மட்டுமே எஞ்சும். அதனால் விண்டோஸ் 95-இன் வடிவமைப்பு நெறியில் கோப்பின் பெயரை முன்னால் கொண்டுவந்தார்கள். மைக்ரோசாப்டின் சொந்த வேர்டு நிரலே இந்த நெறிக்கு வந்து சேரத் தாமதித்தது. வேர்டு 97 வரை 'மைக்ரோசாப்ட் வேர்டு' என்ற பெயர்தான் தலைப்பில் முதலில் நின்றது.

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே இன்னொரு கதையும் உண்டு. 90-களில் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களைக் கொண்டு இந்த நாட்டில் பலர் கணினியில் தமிழ் எழுதினார்கள். கோப்புக்குள் தமிழ் அழகாகத் தெரியும். ஏனென்றால் உள்ளே தமிழ் எழுத்துரு இருந்தது. பணிப்பட்டையின் எழுத்துருவோ விண்டோஸுக்குச் சொந்தமானது. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் பொத்தானில் புரியாத குறிகள் வரிசையாக நிற்கும். யூனிகோடு முறைத் தமிழை விண்டோஸ் 2000 ஏற்றுக்கொண்ட பிறகுதான் பணிப்பட்டையில் ஒரு கோப்பின் பெயரைத் தமிழிலேயே படிக்க முடிந்தது. அந்தப் பெயரைத்தான் பிறகு வந்த பதிப்புகள் மறைத்தன.

ஒன்று சேர்த்ததும் பிரித்ததும்

வேர்டு 97-இல் பத்துக் கோப்புகளைத் திறந்தாலும் பணிப்பட்டையில் ஒரே பொத்தான்தான். எல்லாக் கோப்புகளும் ஒரு பெரிய சாளரத்துக்குள் குட்டிச் சாளரங்களாக அடங்கியிருக்கும். வேர்டு 2000 இதை மாற்றியது. ஒவ்வொரு கோப்பும் தனிச் சாளரம், தனிப் பொத்தான். எக்செல் வேறு வழியில் போனது. உள்ளே ஒரே சாளரமாக இருந்துகொண்டு, பணிப்பட்டையில் மட்டும் கோப்புக்கு ஒரு பொத்தானைக் காட்டியது. பொத்தான் இரண்டு, ஆனால் இரண்டு கோப்புகளையும் இரண்டு திரைகளில் தனித்தனியே பிரித்து வைக்க முடியவில்லை. இதனால் பட்டபாடு கணக்காளர்களுக்குத்தான் தெரியும். எக்செல் 2013-இல்தான் ஒவ்வொரு கோப்பும் உண்மையாகவே தனிச் சாளரம் ஆனது.

கோப்புக்கு ஒரு பொத்தான் என்றதும் பட்டை நிரம்பி வழிந்தது. இருபது சாளரம் திறந்தால் ஒவ்வொரு பொத்தானும் ஒரு விரல் அகலம் கூட இராது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இதற்கு ஓர் இணக்கமான வழியைக் கண்டது. இடம் இருக்கும்வரை தனித்தனிப் பொத்தான். இடம் போதாதபோது மட்டும் ஒரே நிரலின் சாளரங்களை ஒரு பொத்தானாகச் சேர்த்து, எத்தனை என்ற எண்ணிக்கையையும் காட்டும். வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம். நியாயமான ஏற்பாடு அது.

2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7 இந்த நியாயத்தைத் தலைகீழாக்கியது. இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் சேர்த்தே வை, பெயரையும் எழுதாதே, பெரிய சின்னம் மட்டும் போதும் என்பது அதன் இயல்பு நிலை. அடிக்கடி தேவைப்படும் நிரல்களைப் பட்டையிலேயே பதித்து வைக்கும் வசதியும் அப்போதுதான் வந்தது. அதனால் அதுவரை 'என்ன திறந்திருக்கிறது' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த பட்டைப் பொத்தான், 'என்ன திறக்கலாம்' என்றும் சொல்லத் தொடங்கியது. இரண்டையும் ஒரே சின்னம் சொல்கிறது. திறந்திருப்பதற்கு அடையாளம் ஒரு மெல்லிய கோடோ கட்டமோதான். பார்வை மங்கிய பெரியவர்களுக்கு இது சரிப்பட்டு வருமா என்று யாராவது கேட்டார்களோ, தெரியாது.

இருந்தாலும் பழையபடி பெயரோடு தனித்தனியாகக் காட்டும் தேர்வு விண்டோஸ் 7-இலும் இருந்தது, விண்டோஸ் 10-இலும் இருந்தது. 2021 அக்டோபர் 5-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 11-இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். பட்டையைத் திரையின் மேலேயோ பக்கத்திலேயோ நகர்த்தும் வசதியும் அந்தப் பதிப்பில் வரவில்லை. ஒரு கோப்பை இழுத்துக்கொண்டு போய்ப் பட்டையிலுள்ள நிரலின்மேல் பிடிக்கும் பழைய வழக்கம்கூட வேலை செய்யவில்லை. அது 2022-இல்தான் திரும்பியது. பட்டையைப் புதிதாக எழுதினோம், பழையவை எல்லாவற்றையும் அதில் சேர்க்கவில்லை என்பதுதான் காரணம். பயனர்கள் சும்மா இருக்கவில்லை. பெயரோடு காட்டு என்ற கோரிக்கை இரண்டு ஆண்டு காலம் தொடர்ந்தது. 2023-இன் இறுதிக் காலாண்டில் அந்தத் தேர்வு மீண்டும் வந்து சேர்ந்தது. விண்டோஸ் 11 வந்த புதிதில் தேடிப் பார்த்துவிட்டு இல்லையென்று விட்டுவிட்டவர்கள், இப்போது மறுபடியும் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பணிப்பட்டையில் வெறுமையாக உள்ள இடத்தில் மவுஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தினால் 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' என்று வரும். அதற்குள் 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' என்ற பகுதியை விரித்தால், 'கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ் அண்ட் ஹைட் லேபல்ஸ்' என்ற வரி இருக்கும். அதில் 'ஆல்வேஸ்' என்றிருப்பதை 'நெவர்' என்று மாற்றினால் ஒவ்வொரு சாளரமும் தன் பெயரோடு தனியாக நிற்கும். 'வென் டாஸ்க்பார் இஸ் ஃபுல்' என்பதைத் தேர்ந்தால் எக்ஸ்பி காலத்து நியாயம் திரும்பிவிடும். சின்னத் திரைக்குப் பின்னது நல்லது. கணக்கு வேலைக்கு முன்னது. இரண்டு திரை வைத்திருப்பவர்கள் இரண்டாவது திரையின் பட்டைக்குத் தனியாக இதே தேர்வைச் செய்ய வேண்டும். அதுவும் அங்கேயே கீழே இருக்கிறது.

சேர்த்தே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு ஒரு சின்ன உத்தி: கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு சின்னத்தைச் சொடுக்கினால் குட்டிப் படங்கள் எழாமல் அந்த நிரலின் சாளரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னால் வரும்.

நிரலாளரின் கையில் இருப்பது

பயனர் எவ்வளவு திருத்தினாலும் சில சாளரங்கள் பட்டையில் வரவே வராது. வேறு சில வேண்டாமென்றாலும் வந்து நிற்கும். காரணம், அடிப்படை விதி நிரலாளரின் கையில் இருக்கிறது.

விதி எளிமையானது. ஒரு சாளரத்துக்கு மேலே உரிமையாளராக வேறொரு சாளரம் இல்லையென்றால், அது தனிக்குடித்தனக்காரர். பட்டையில் பொத்தான் கிடைக்கும். உரிமையாளர் இருந்தால், அது வீட்டுப் பிள்ளை. பொத்தான் கிடையாது, உரிமையாளரின் பொத்தானே போதும். 'சேமிக்கவா?' என்று கேட்கும் சிறு பெட்டிகளெல்லாம் இந்தப் பிள்ளைகள். இதற்கு மேல் நிரலாளர் இரண்டு முத்திரைகளில் ஒன்றைக் குத்தலாம். ஒன்று, எப்படியிருந்தாலும் பட்டையில் காட்டு என்பது. மற்றொன்று, இது வெறும் கருவிப் பெட்டி, காட்டாதே என்பது. இந்த முத்திரை விழுந்த சாளரம் ஆல்ட், டேப் அழுத்தும்போது வரும் வரிசையிலும் தலைகாட்டாது. விஷுவல் பேசிக் படித்த மாணவர்கள் 'ஷோஇன்டாஸ்க்பார்' என்ற ஒரு வரியைப் பார்த்திருப்பார்கள். அதற்குப் பின்னால் நடப்பது இதுதான்.

உரிமையாளர் உறவில் இன்னொரு நன்மையும் உண்டு. பிள்ளைச் சாளரம் எப்போதும் தன் உரிமையாளருக்கு முன்னால்தான் நிற்கும். பின்னால் போய் ஒளிய விண்டோஸ் விடாது. இந்த உறவை நிரலாளர் ஒழுங்காக எழுதாமல், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு சாளரத்தைப் பிள்ளைக்கு உரிமையாளராகக் காட்டிவிட்டால் என்ன ஆகும்? கேள்வி கேட்கும் பெட்டி பெரிய சாளரத்தின் பின்னால் போய் நின்றுவிடும். பட்டையிலும் அதற்குப் பொத்தான் இல்லை. பெட்டிக்குப் பதில் வரும்வரை பெரிய சாளரம் எதற்கும் அசையாது. சொடுக்கினால் 'டிங்' என்று ஒலி மட்டும் வரும். பயனரின் கண்ணுக்குக் கணினி உறைந்துவிட்டது. அவர் என்ன செய்வார்? மின்சுவிட்சைத் தட்டுவார். அரை நாள் உழைப்பு போய்விடும். உண்மையில் கணினி 'சேமிக்கவா?' என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆகவே, ஒரு நிரல் திடீரென்று மரத்துப்போய் 'டிங்' ஒலி மட்டும் வந்தால், சுவிட்சைத் தேடுவதற்கு முன் ஆல்ட், டேப் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பார்க்க வேண்டும். ஒளிந்திருக்கும் பெட்டி பல நேரங்களில் அங்கே அகப்படும்.

இந்தத் தவறு சிறிய நிறுவனங்கள் எழுதிய மென்பொருளில் மட்டும் வந்ததல்ல. கருவியே தவறு செய்ய வைத்த காலமும் இருந்தது. டெல்ஃபி மொழியில் எழுதிய நிரல்களில் பட்டைப் பொத்தான் முதன்மைச் சாளரத்துக்குச் சொந்தமாக இல்லாமல், பின்னணியில் மறைந்திருந்த வேறொரு சாளரத்துக்குச் சொந்தமாக இருந்தது. பட்டையில் குட்டிப் படம் காட்டும் விண்டோஸ் விஸ்டா வந்தபோது இதன் குட்டு வெளிப்பட்டது. டெல்ஃபி 2007-இல் அதைத் திருத்துவதற்கென்றே ஒரு வரி சேர்க்கப்பட்டது.

எந்தச் சாளரம் எந்தச் சின்னத்துக்குள் சேரும் என்பதும் நிரலாளர் கொடுக்கும் ஓர் அடையாளத்தைப் பொறுத்தது. விண்டோஸ் 7 முதல் ஒவ்வொரு நிரலும் தனக்கொரு அடையாளப் பெயரை அறிவித்துக்கொள்ளலாம். ஒரே அடையாளம் கொண்டவை ஒன்று சேரும், வேறானவை பிரிந்து நிற்கும். இதைப் பயனரும் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். குரோம் உலாவியில் இரண்டு சுயவிவரங்கள் வைத்துக்கொண்டால் பட்டையில் இரண்டு தனித்தனிச் சின்னங்கள் நிற்கும். வங்கி, வருமான வரி, அலுவலக வேலை எல்லாம் ஒன்றில். பிள்ளைகளின் வீடியோக்களும் வேடிக்கையும் மற்றொன்றில். பணம் அனுப்பும் பக்கம் எங்கே போனது என்று இருபது சாளரங்களுக்கிடையே தேடும் வேலை மிச்சம்.

முண்டியடித்துக்கொண்டு வருபவை

கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார் ஒருவர். பாதியில் வேறொரு சாளரம் குதித்து முன்னால் வருகிறது. விரல்கள் நிற்பதில்லை. மீதிக் கடவுச்சொல் போய்ச் சேர்ந்த இடம் அரட்டைச் சாளரம். என்ட்டர் விசையையும் தட்டியாயிற்று. அடுத்த முனையில் இருப்பவர் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

விண்டோஸ் 95-இல் இது சகஜம். எந்த நிரலும் எந்த நேரத்திலும் தன்னை முன்னால் தள்ளிக்கொள்ளலாம். விண்டோஸ் 98, விண்டோஸ் 2000 இரண்டிலும் இதற்குக் கட்டுப்பாடு வந்தது. பயனர் ஒரு சாளரத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது பின்னாலிருக்கும் நிரல் முன்னால் வரக் கேட்டால், விண்டோஸ் அதை வரவிடாமல் பணிப்பட்டையிலுள்ள அதன் பொத்தானை மட்டும் சிமிட்டிக் காட்டும். வாசலில் நின்று அழைக்கலாம், உள்ளே புகக் கூடாது என்ற மரியாதை இது. பட்டைப் பொத்தான் ஆரஞ்சு நிறத்தில் மின்னினால் பலர் அதைத் தொல்லை என்று எண்ணுகிறார்கள். அந்தத் தொல்லை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை மேலே பார்த்தோம். அப்படியும் மின்னல் வேண்டாமென்பவர்களுக்கு விண்டோஸ் 11-இன் அதே 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' பகுதியில் அதை நிறுத்தும் கட்டம் உண்டு. சின்னத்தின் மூலையில் செய்தி எண்ணிக்கை காட்டுவதை நிறுத்தும் கட்டமும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது.

பட்டையில் தன்னைத்தானே பதித்துக்கொள்ளும் உரிமையையும் மைக்ரோசாப்ட் நிரல்களுக்குக் கொடுக்கவில்லை. விண்டோஸ் 7 வந்தபோது நிரலாளர்கள் கேட்டார்கள். பட்டை பயனருடையது, அவர்தான் பதிக்க வேண்டும் என்பது பதில். 2017-இல் விண்டோஸ் 10-க்கு ஒரு வழி திறந்தார்கள். அதுவும் பயனரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான். தன் சொந்த நிரல்களை மட்டும் மைக்ரோசாப்ட் ஆரம்பத்திலேயே பதித்து அனுப்புகிறதே என்று கேட்டால், அதற்கு நல்ல பதில் இல்லை.

கடிகாரத்தின் அருகில் உள்ள மூலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நிரல்கள் பயனருக்கு எதையாவது தெரிவிப்பதற்காக ஒதுக்கிய இடம். நாளடைவில் நிரல்கள் குடியேறும் இடமாகிவிட்டது. பெருக்கல் குறியை அழுத்திச் சாளரத்தை மூடிவிட்டோம் என்று நினைத்திருப்போம். அதுவோ பட்டைப் பொத்தானை விட்டுவிட்டு இந்த மூலையில் போய் உட்கார்ந்து ஓடிக்கொண்டிருக்கும். கணினி மெதுவாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன், அங்கேயுள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தி யாரெல்லாம் குடியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பொத்தான் இருக்கிறது, சாளரம் இல்லை

மடிக்கணினியை அலுவலகத்தில் பெரிய திரையோடு இணைத்து வேலை செய்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். பட்டையில் பொத்தான் இருக்கிறது. சொடுக்கினால் எதுவும் வருவதில்லை. இல்லாத அந்த இரண்டாவது திரையின் பரப்பில் சாளரம் திறந்து நிற்கிறது என்பதுதான் விஷயம். பொத்தானைச் சொடுக்கிவிட்டு, ஆல்ட் விசையோடு இடைவெளி விசையை அழுத்தி, பிறகு எம் என்ற எழுத்தைத் தட்டி, அம்புக்குறி விசை ஒன்றை ஒருமுறை அழுத்தினால் சாளரம் மவுஸின் பிடிக்குள் வந்துவிடும். மவுஸை அசைத்து அதைத் திரைக்குள் இழுத்துக்கொண்டு வந்து ஒருமுறை சொடுக்கி விட்டால் சரி. இந்த ஒரு வரிசையைத் தாளில் எழுதிக் கணினியில் ஒட்டி வைத்துக்கொள்வது தகும்.

மற்ற கணினிகளில் கதை வேறு. ஆப்பிள் மெக் கணினியின் 'டாக்' என்ற பட்டை தொடக்கத்திலிருந்தே நிரலுக்கு ஒரு சின்னம் என்ற கணக்கில்தான் இயங்குகிறது. சாளரக் கணக்கு அங்கே இரண்டாம்பட்சம். லினக்ஸில் புழங்கும் க்னோம் 2011-இல் சாளரப் பட்டியலையே திரையிலிருந்து எடுத்துவிட்டது. அதே லினக்ஸில் கேடிஇ என்ற மற்றொரு மேசைத்தளம் எதிர்த்திசையில் போனது. அங்கே எந்தச் சாளரத்தின் தலைப்பிலும் வலச்சொடுக்கு செய்து, இது பட்டையில் வர வேண்டாம் என்று பயனரே விதி எழுதி வைத்துக்கொள்ளலாம். விண்டோஸில் நிரலாளருக்கு மட்டும் உள்ள அந்த முத்திரை கேடிஇயில் வீட்டுக்காரரின் மேசையில் இருக்கிறது. மைக்ரோசாப்ட் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

பெயர்களைக் காட்டுவதால் ஒரு பாதகமும் உண்டு. வகுப்பறையிலோ கூட்டத்திலோ கணினியைப் புரொஜெக்டரோடு இணைக்கும்போது பட்டையும் சுவரில் விரிகிறது. யாரோடு அரட்டை, எந்த வேலைக்கு மனு, எந்த மருத்துவரின் அறிக்கை எல்லாம் பொத்தான்களில் எழுதியிருக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் பட்டையைத் தானாக மறையும்படி வைத்துவிடலாம். அதே 'பிஹேவியர்ஸ்' பகுதியின் முதல் சில வரிகளில் அந்தக் கட்டம் இருக்கிறது. விண்டோஸ் விசையோடு டேப் அழுத்திப் புதியதொரு மேசைப் பரப்பைத் திறந்து, படைப்பை மட்டும் அங்கே வைத்துக்கொள்வது இன்னும் மேல். மற்ற பரப்பிலுள்ள சாளரங்களை இந்தப் பரப்பின் பட்டையில் காட்டுவதா வேண்டாமா என்பதை 'மல்டிடாஸ்கிங்' அமைப்பில் சொல்லிவிடலாம்.

சம்பளப் பட்டியலுக்கு வருவோம். 'நெவர்' என்று மாற்றிய பிறகும் அந்தக் கிராணிக்கு ஒரு சிக்கல் மிஞ்சும். அவருடைய கோப்புகளின் பெயர்கள் 'சம்பளப் பட்டியல் பிப்ரவரி', 'சம்பளப் பட்டியல் மார்ச்' என்று இருந்தால், பொத்தானில் இடம் போதாமல் மாதத்தின் பெயர் வெட்டுப்பட்டு இரண்டிலும் 'சம்பளப் பட்டி...' என்றுதான் தெரியும். 1995-இல் விண்டோஸ் தலைப்பைத் திருப்பிப் போட்டார்களே, அதே வேலையை இவரும் செய்ய வேண்டும்: 'மார்ச் சம்பளம்', 'பிப்ரவரி சம்பளம்'. அப்போது வெட்டுப்படுவது சம்பளம் என்ற சொல்தான், மாதம் தப்பிக்கும்.